நுண்ணுயிரின் தூதனா கால்சியம்?

சுண்ணாம்பு என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவன சுவரும் வெற்றிலையும். வடநாட்டு விடுதிகளில் தங்கிப் பயிலும் நமக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வெந்நீர்க் கெட்டிலின் அடியில் படிந்து, மாதம் ஒருமுறையேனும் புளித்தண்ணீர் ஊற்றிச் சுரண்டவேண்டியிருக்கிறதே, அந்த வெள்ளைப் பொருக்குதான் அது. மூன்றிலும் இருப்பது கால்சியம் என்னும் ஒரே தனிமம். எலும்பும் பல்லும், முட்டையோடும் சங்கும் அதனைக் கொண்டே அமைந்தவை. ஆகவே கால்சியம் என்றால் கட்டடப் பொருள் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றிவிட்டது.

ஆனால் உயிர்நூலார் அதனைத் தூதன் என்றும் அழைக்கின்றனர். நம் தசை சுருங்குவதும், நரம்பின் நுனியிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி போவதும், முட்டையுள் விந்து புகுந்ததும் கரு வளரத் தொடங்குவதும் கால்சியம் சொல்லித்தான் நடக்கின்றன. விலங்குகளிலும் தாவரங்களிலும் இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. பாக்டீரியாவிலும் அப்படியா? நம் மன்றக் கூட்டத்தில் பொருளியல் பயிலும் நண்பர் ஒருவர், “பாக்டீரியாவுக்கும் நரம்பு போல் ஏதோ உண்டாமே, செய்தித்தாளில் படித்தேன்” என்றார். அவருக்கு நின்றபடி ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அவருக்கும், அவர்போல் கேட்க நினைத்த ஏனையோருக்கும்.

முதலில் ஒரு பழைய கதை. லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் இருந்தார். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் இட்டு, அது துடிப்பதற்கு எவை எவை தேவை என்று ஆராய்ந்து வந்தார். 1882-இல் அவர் வெளியிட்ட சோதனைகளில் உப்புக் கரைசலில் இதயம் நன்றாகவே துடித்தது. பின்னர்தான் தெரிந்தது, கரைசலைத் தயாரித்த உதவியாளர் வாலைவடிநீருக்குப் பதிலாகக் குழாய்நீரை ஊற்றியிருந்தார் என்பது. வடிநீரில் செய்து பார்த்தபோது துடிப்பு விரைவில் தளர்ந்து நின்றது. லண்டன் குழாய்நீரும் நம் விடுதிக் குழாய்நீர் போலவே சுண்ணம் மிகுந்தது. அந்தச் சுண்ணமே இதயத்தைத் துடிக்கவைத்தது என்று 1883-இல் ரிங்கர் வெளியிட்டார். கால்சியத்தின் இன்னொரு முகம் உலகுக்குத் தெரியவந்தது இவ்வாறு.

அதன்பின் ஜப்பானியரான செட்சுரோ எபாஷி, தசையில் கால்சியம் எந்தப் புரதத்தின்மீது அமர்ந்து சுருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது என்பதை 1960-களில் காட்டினார். 1970-ஐ ஒட்டி, பின்னாளில் கால்மாடுலின் எனப் பெயர்பெற்ற புரதம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. கால்சியம் சொல்வதைக் கேட்டுப் பல நொதிகளுக்கு எடுத்துரைக்கும் பொதுச் செவி அது. இவ்வளவும் நம் போன்ற பெரிய செல்களின் கதை.

தூது என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிற்காலப் புலவர்கள் கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தூதனுப்பித் தனியொரு நூல்வகையையே படைத்தனர். ஆயினும் அரண்மனைக்குள் நுழைபவர் எல்லாரும் தூதர் அல்லர். காய்கறி கொண்டுவருபவரும் நுழைகிறார். சுவருக்குப் பூச்சு பூசுபவரும் நுழைகிறார். அவர்கள் வராவிட்டாலும் அரண்மனையில் வேலை கெடும். அதனால் அவர்களைத் தூதர் என்று சொல்லிவிடுவோமா? தூதர் என்பவர் எப்போதும் உள்ளே இருப்பவர் அல்லர். குறித்த ஒரு நிகழ்ச்சியின்பொருட்டு வருபவர். அவர் சொல்வதைக் கேட்க ஒருவர் உள்ளே இருக்கவேண்டும். சொல்லி முடித்ததும் அவர் வெளியேற வேண்டும். வாயிலிலே அவரை மறித்துவிட்டால், அவர் சொல்லவந்த காரியம் மட்டும் நடவாதிருக்க வேண்டும். பாக்டீரியாவில் கால்சியத்தைத் தூதன் என்பதற்கு முன் இவ்வளவையும் கேட்டுப் பார்ப்பது முறை. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இச்சொல்லைச் சற்றுத் தாராளமாக வழங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதற்கேள்வி: பாக்டீரியாவின் உள்ளே கால்சியம் வழக்கமாகக் குறைவாக இருக்கிறதா? இருக்கிறது. இருந்தே ஆகவேண்டும். செல்லின் செலாவணியாகிய ஏ.டி.பி., மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. முதலியவற்றில் எல்லாம் பாஸ்பேட் உண்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் மிகுதியாகச் சந்தித்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும். எலும்பில் அது நன்மை. செல்லின் உள்ளே அது கேடு. ஆகவே மிகப் பழங்காலந்தொட்டே உயிர்கள் கால்சியத்தை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டன. தனிம அட்டவணையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த மக்னீசியத்தையோ தாராளமாக உள்ளே வைத்துக்கொள்கின்றன. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

1987-இல் கங்கோலா, ரோசன் என்னும் இருவர், கால்சியம் ஒட்டினால் ஒளிரும் தன்மை மாறுகின்ற ஒரு சாயத்தை எஷரிக்கியா கோலி என்ற குடல் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதனுள் கட்டின்றி உலவும் கால்சியத்தை அளந்தனர். லிட்டருக்கு 90 நானோமோல் என்று விடை கிடைத்தது. நம் செல்களில் உள்ள அளவும் ஏறத்தாழ இதுவே. வெளிநீரில் கால்சியம் ஒரு மில்லிமோல் அளவில் இருக்குமானால், வெளிக்கும் உள்ளுக்கும் பதினாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேற்றுமை. வெளியில் கால்சியத்தைப் பலமடங்கு கூட்டியபோதும் பாக்டீரியா உள்ளளவை ஏறாமல் காத்துக்கொண்டது.

இந்த 90 நானோமோல் என்ற எண்ணைப் பலர் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோலி பாக்டீரியாவின் பருமன் ஏறத்தாழ ஒரு கன மைக்ரான். அதாவது ஒரு லிட்டரைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மேலும் பத்தாக்கினால் வருவது. அவகாட்ரோ எண்ணை வைத்துப் பெருக்கினால் வரும் விடை 54. ஐம்பத்து நான்கு கோடியன்று, ஐம்பத்து நான்காயிரமும் அன்று. வெறும் ஐம்பத்து நான்கு அயனிகள். ஒரு நகரப் பேருந்தில் ஏறும் கூட்டம்! ஒரு முழு உயிரின் உள்ளே கட்டின்றி உலவும் கால்சியம் அவ்வளவுதான். புரதங்களிலும் சவ்விலும் ஒட்டிக்கிடப்பது வேறு. அது இதனினும் மிகப் பெரிது. ஆனால் செய்தி சொல்லக்கூடியது உலவும் கால்சியமே. நம் உடற்செல் ஒன்று ஆயிரம் கன மைக்ரான் பருமன் உடையதென்று கொண்டால், அதில் உலவும் அயனிகள் ஏறத்தாழ 54,000.

இதனால் விளைவன இரண்டு. முதலாவது, தூது மிக மலிவு. சவ்வில் உள்ள ஒரே ஒரு வாயில் கண்ணிமைப்பில் மிகச் சிறு பங்கு நேரம் திறந்தாலும் போதும். இன்னுமோர் ஐம்பது அயனிகள் நுழைந்து அளவு இரட்டித்துவிடும். ஒரு மைக்ரான் தொலைவைக் கடக்க ஓர் அயனிக்கு நொடியில் ஆயிரத்திலொரு பங்குகூட வேண்டாம். ஆகவே செய்தி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பரவும் தொல்லையே இங்கு இல்லை. இரண்டாவது விளைவு இதற்கு நேர்மாறு. ஐம்பத்து நான்கு என்பது எண்ணத்தக்க சிறு தொகையாதலால், தற்செயலாகவே அது ஏழு கூடும், ஏழு குறையும். புள்ளியியல் பயில்வோர் இதனை உடனே உணர்வர். இவ்வாறு தானே ஆடும் அளவில், மெல்லிய செய்தி எது, வெறும் ஆட்டம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. எனவே பாக்டீரியாவில் கால்சியம் தூதனாக இருக்குமானால், அது முணுமுணுக்கும் தூதனாக இருக்கமுடியாது. கூவிச் சொல்லும் தூதனாகவே இருக்கமுடியும். பெரிய செல்லில் கற்ற பாடத்தை அப்படியே சிறியதன்மேல் சாத்தக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு சிறிய அளவு கூடிக் குறைவதை எப்படிப் பார்ப்பது? இங்கு உதவிக்கு வந்தது ஒரு கடற்பிராணி. ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1961-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஃபிரைடே ஹார்பர் என்னும் இடத்தில், ஒளிவிடும் ஜெல்லிமீனைப் பிழிந்து அதன் ஒளிப்பொருளைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு நாள் எஞ்சிய சாற்றைக் கழிவுத் தொட்டியில் கொட்டினார். தொட்டி பளீரென்று ஒளிர்ந்தது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதனுள் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரில் ஒளியைத் தூண்டியது கால்சியமே என்று அவர் விரைவில் கண்டார். அக்குவோரின் என்று பெயர்பெற்ற அப்புரதம் கால்சியம் பட்டால் நீல ஒளி சிந்தும். அதே ஜெல்லிமீனில் அதனோடு கிடைத்த பச்சைப் புரதத்துக்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அக்குவோரினுக்குரிய ஜீனைக் கோலி பாக்டீரியாவில் புகுத்தி, பாக்டீரியாவே தன் கால்சியத்தை ஒளியாகக் காட்டும்படி செய்த சோதனை 1991-இல் வெளிவந்தது. அதுமுதல் வாதம் சூடு பிடித்தது.

மிகுதியாக ஆராயப்பட்டது பாக்டீரியாவின் நீச்சல். கோலி பாக்டீரியா சற்று நேரம் நேராக நீந்தும், பின் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திசை மாறும், மீண்டும் நீந்தும். உணவை நோக்கிச் செல்லும்போது கரணம் குறையும். வேண்டாத பொருளை அணுகினால் கரணம் மிகும். 1977-இலேயே ஆர்டல் என்பவர் வேறொரு பாக்டீரியாவில் இந்த நடத்தையைக் கால்சியம் ஆள்கிறது என்று எழுதினார். பின்னர் விஸ்கான்சினில் டிசாவும் ஆட்லரும் அழகிய சோதனை ஒன்றைச் செய்தனர். கால்சியத்தைத் தன்னுள் பூட்டிவைத்து, ஒளிபட்டால் விட்டுவிடும் ஒரு பொருளைக் கோலியின் உள்ளே செலுத்தினர். ஒளியைப் பாய்ச்சியதும் உள்ளே கால்சியம் கூடியது. பாக்டீரியா குட்டிக்கரணம் போட்டது. ஒளிபட்டால் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் வேறொரு பொருளைச் செலுத்தியபோது அது நேராக நீந்தியது. இது 1992-இல். வெறுக்கும் பொருளைக் கண்டால் உள்ளே கால்சியம் ஏறுகிறது, விரும்பும் பொருளைக் கண்டால் இறங்குகிறது என்று 1995-இல் மேலும் காட்டினர்.

இதைப் படித்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்றே தோன்றும். முடியவில்லை. கரணம் போடச்சொல்லி மோட்டாருக்குக் கட்டளை கொண்டுபோவது செ-ஒய் என்னும் சிறு புரதம். அது ஒரு பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு போய் மோட்டாரில் ஒட்டுகிறது. இதற்கான சான்றுகள் அசைக்கமுடியாதவை. அந்தப் புரதம் இருக்கும்போது கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்குத் தெளிவான விடை வரவில்லை. கால்சியம் எந்தப் புரதத்தின்மீது அமர்ந்து தன் சொல்லைச் சொல்கிறது என்பது காட்டப்படாதவரை, நீச்சலில் அதனை உடன்வருபவன் என்று சொல்லலாமேயன்றித் தூதன் என்று நான் சொல்லமாட்டேன்.

இவ்விடத்தில் ஒரு பொதுவான குறையையும் சொல்லவேண்டும். கால்சியத்தை நீக்கிப் பார்ப்பதற்கு ஆய்வாளர் பலரும் அதனைக் கவ்விப் பிடிக்கும் இரசாயனங்களைக் கரைசலில் கலக்கிறார்கள். அப்போது ஒரு வேலை நின்றுபோனால், “ஆகவே கால்சியம் தூதன்” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கோலி போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வைச் சிதறாமல் கட்டிவைத்திருப்பதே கால்சியமும் மக்னீசியமும்தான். சுவரிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, வீட்டில் அடுப்பெரியவில்லையே, சுண்ணாம்புதான் அடுப்பை மூட்டியது போலும் என்பதை ஒக்கும் இது. உயிரியல் பயிலும் நண்பர்களுக்குத் தெரிந்த இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. கோலியில் புதிய டி.என்.ஏ. புகுத்த, பனிக்கட்டியில் வைத்துக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவிட்டு, 42 டிகிரியில் சில நொடிகள் சூடு காட்டுகிறோம். மாண்டலும் ஹிகாவும் 1970-இல் காட்டிய வழியிலிருந்து வளர்ந்த முறை இது. இன்றும் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் கையாளப்படுகிறது. அங்கே கால்சியம் செய்தி எதுவும் சொல்லவில்லை. சவ்வின் எதிர்மின்னேற்றத்தையும் டி.என்.ஏ.யின் எதிர்மின்னேற்றத்தையும் தணித்து இரண்டையும் நெருங்கவிடுகிறது, அவ்வளவே. கால்சியம் இல்லாமல் வேலை நடவாது என்பது உண்மை. அதனால் அது தூதன் ஆகிவிடாது.

நண்பர் செய்தித்தாளில் படித்தது எதுவென்றும் ஊகிக்கமுடிகிறது. 2017-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார், கால்சியம் பட்டால் ஒளி மிகும் புரதமொன்றைக் கோலியில் அமைத்து, தனித்தனிப் பாக்டீரியாவை நுண்ணோக்கியில் படம் பிடித்தனர். ஒவ்வொன்றும் மின்மினிபோல் விட்டுவிட்டு ஒளிர்ந்தது. சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது கால்சியம் உள்ளே பாய்கிறது. பாக்டீரியா ஒரு பரப்பில் படிந்து அழுத்தப்படும்போது இந்த ஒளிர்வு மாறுகிறது. அதனையொட்டி உள்ளே உண்டாகும் புரதங்களின் அளவும் மாறுகிறது என்று அவர்கள் எழுதினர். மின்னழுத்தம் மாறக் கால்சியம் பாய்வது நம் நரம்பு நுனியில் நடப்பதை ஒத்திருப்பதால்தான் நரம்பு என்ற சொல் செய்தித்தாளில் ஏறியிருக்கவேண்டும். நரம்பு என்பது செல்லோடு செல் பேசும் அமைப்பு. இங்கோ ஒரே செல் தன்னைத் தொட்டதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறது. ஆகவே நரம்பு இல்லை. ஆனால் தொடுவுணர்ச்சி என்றால் மறுக்கமாட்டேன். நீச்சலைவிட இங்கே தூதனுக்குரிய இலக்கணம் நன்றாகப் பொருந்துகிறது.

இனி, கால்சியம் உள்ளே நுழையாமல், வெளியே நின்றபடியே பாக்டீரியாவின் போக்கை மாற்றும் இடங்கள் பல உள்ளன. இவற்றையும் தூது என்று கலந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது உடன்பாடன்று. இவை ஊரின் எல்லைக்கல் போன்றவை. நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று பாக்டீரியாவுக்குக் காட்டும் அடையாளங்கள். கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குப் பத்து மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஆற்றுநீரில் மிகக் குறைவு. நம் குருதியில் இடைப்பட்ட அளவு. காலரா பாக்டீரியா தன் சவ்வில் உள்ள ஓர் இணைப்புரத அமைப்பின் வழியாகக் கால்சியத்துக்கேற்ப நடந்துகொள்வதை 2009-இல் கண்டனர். கால்சியம் மிகும்போது அது கூட்டாக ஒட்டிவாழும் படலத்தைக் கட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. சூடோமோனாஸ் என்னும் மற்றொரு நோய்க்கிருமியோ கால்சியம் மிகுந்தால் படலத்தைத் தடிப்பாகக் கட்டுகிறது. ஒரே சொல், இரண்டு ஊரில் இரண்டு பொருள். சூடோமோனாஸின் வெளிப்புறத்தில் கால்சியத்தைப் பற்றி உணரும் புரதம் எது என்பதையும் 2016-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தார் காட்டிவிட்டனர். நுரையீரலில் வேகமாகத் தாக்கும் நிலையிலிருந்து, நாட்பட்டுத் தங்கிவிடும் நிலைக்குக் கிருமி மாறுவதை அப்புரதம் தூண்டுகிறது. நாட்பட்டுத் தங்கிய கிருமியை மருந்தால் விரட்டுவது எவ்வளவு கடினம் என்பது மருத்துவம் பயிலும் நண்பர்களுக்குத் தெரியும்.

கொள்ளைநோய்க் கிருமியின் கதை இன்னும் விந்தையானது. 37 டிகிரி வெப்பத்தில் கால்சியம் இல்லாத ஊட்டக் கரைசலில் வளர்த்தால் அது வளர்ச்சியை நிறுத்திவிடும். தன் நச்சுப் புரதங்களை வெளியே கொட்டத் தொடங்கும். இதன் முதற்பகுதி 1950-களிலேயே தெரிந்துவிட்டது. கால்சியம் குறைந்ததே போருக்கு அழைக்கும் முரசு என்று நெடுநாள் எண்ணினர். ஆனால் உடலில் குருதியிலும் செல்லிடைவெளியிலும் கால்சியம் குறைவதே இல்லை! அங்கே கிருமி நச்சை விடுவது நம் செல்லைத் தொட்ட பிறகு. அந்தத் தொடுதலே உண்மைக் குறிப்பு. கால்சியமின்மை ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பதிலாக நின்ற வேடம். கண்ணாடிக் குடுவையில் கண்டதை உடலுக்குள் நடப்பதாகக் கொள்வதில் உள்ள அபாயத்துக்கு இதுவே போதும்.

நான் ஐயமின்றித் தூதன் என்று ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது நம் நெல்வயலிலேயே இருக்கிறது.

வயல்நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகளைப் பாசி என்று சொன்னாலும் அவை பாக்டீரியா இனமே. எருவிடாத நெல்வயலிலும் ஆண்டாண்டாக விளைச்சல் கிடைப்பதற்கு அவை காற்றிலிருந்து பிடித்துத் தரும் நைட்ரஜன் ஒரு காரணம் என்று வங்க ஆய்வாளர் பி. கே. டே 1939-இல் எழுதினார். காசி இந்து பல்கலைக்கழகத்தின் ஆர். என். சிங், இந்திய வேளாண்மையில் இவற்றின் பங்கைப் பற்றி 1961-இல் ஒரு நூலே வெளியிட்டார். தமிழ்நாட்டு வயல்களில் இன்று அசோலா வளர்க்கிறார்களே, அதன் இலைக்குழியில் குடியிருந்து நைட்ரஜன் தருவதும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. இவற்றுள் அனபீனா என்பது மணிகோத்த மாலைபோல் செல்கள் வரிசையாக அமைந்தது.

அனபீனாவுக்கு ஓர் இக்கட்டு உண்டு. வெயிலைக்கொண்டு உணவு ஆக்கும்போது ஆக்சிஜன் பிறக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியோ ஆக்சிஜன் பட்டால் பாழாகிவிடும். ஒரே அடுக்களையில் இரண்டும் நடவா. நீரில் நைட்ரஜன் உப்பு கிடைக்கும்வரை கவலையில்லை. அது தீர்ந்ததும், மாலையில் ஏறத்தாழ பத்து, இருபது செல்களுக்கு ஒன்று தன் வடிவையே மாற்றிக்கொள்கிறது. தடித்த உறை போர்த்திக்கொள்கிறது; ஆக்சிஜன் பிறக்கும் வேலையைக் கைவிடுகிறது; நைட்ரஜன் பிடிக்கும் தொழில் ஒன்றையே மேற்கொண்டு, இரு பக்கத்து அயலார்க்கும் வழங்குகிறது. ஒரு நாளைக்குள் இது முடிந்துவிடும். முடிந்தபின் அந்தச் செல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இனிப் பிரிந்து பெருகுவதும் இல்லை. ஆகவே எந்தச் செல் மாறவேண்டும் என்பது விளையாட்டன்று. இரண்டு செல்கள் அடுத்தடுத்து மாறிவிட்டால் வீண். யாருமே மாறாவிட்டால் மாலை முழுதும் பட்டினி.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் அனபீனாவுக்குள் அக்குவோரினை அமைத்து, 2004-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். நைட்ரஜன் உப்பை நீக்கியவுடன், வடிவ மாற்றத்தின் எந்த அறிகுறியும் தெரிவதற்கு முன்பே, உள்ளே கால்சியம் ஒரு முறை எழுந்து தணிகிறது. அந்த எழுச்சியை அடக்கிவிட்டால் புதுச் செல் தோன்றுவதில்லை. அதனை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டாலும் தோன்றுவதில்லை. இந்த இரண்டாவது முடிவுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கால்சியம் வெறும் சரக்காக இருந்திருந்தால், மிகுந்தால் கேடு என்ன? செய்தியாக இருப்பதனால்தான் அளவு பிசகினால் பொருள் பிசகுகிறது.

அடுத்த ஆண்டே, 2005-இல், சீனத்தின் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொரு பாதி வந்து சேர்ந்தது. அனபீனாவில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு புரதத்தை அவர்கள் கண்டனர். சாதாரணச் செல்களில் அது கால்சியத்தைக் கட்டிவைத்திருக்கிறது. மாறப்போகும் செல்லில் அது மறைந்துபோகிறது. விடுபட்ட கால்சியம் அங்கே பிற செல்களைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் ஏறுகிறது. அப்புரதத்தை மிகுதியாக ஆக்கிப் பார்த்தனர்: நைட்ரஜன் செல்கள் தோன்றவில்லை. அதன் ஜீனையே நீக்கிப் பார்த்தனர்: தோன்றக்கூடாத இடத்திலும் தோன்றின, அடுத்தடுத்தும் நின்றன. இந்த மாற்றத்தின் தலைமைப் புரதமான ஹெட்-ஆர், கால்சியம் இருக்கும்போது அந்தக் காவல் புரதத்தைச் சிதைக்கிறது என்று மறு ஆண்டு தெரியவந்தது. அதாவது சிறிது கால்சியம் விடுபட்டால் காவல் சிதைகிறது. காவல் சிதையச் சிதைய மேலும் கால்சியம் விடுபடுகிறது. இந்தச் செல் முன்வைத்த காலைப் பின்வாங்காதது ஏன் என்பதும் இதனால் ஓரளவு விளங்குகிறது. இரசாயனத்தைக் கலக்கிக் கால்சியத்தைப் பிடுங்கிய சோதனை அன்று இது. ஒரே ஒரு ஜீனைத் தொட்டுப் பார்த்த சோதனை. சுவருக்கு யாதொரு பழுதும் இல்லை. வாயிலில் மறிக்கப்பட்டது தூதன் மட்டுமே.

அனபீனாவில் இவ்வாறிருக்க, ஏனைய பாக்டீரியாவில் கால்சியத்தின் சொல்லைக் கேட்கும் செவி எது என்பதே இன்றைய வழக்கின் மையம். நம் கால்மாடுலினைப்போல் எல்லாவற்றுக்கும் பொதுவான செவி பாக்டீரியா உலகில் கிட்டவில்லை. ஆனால் அதே வார்ப்பில் அமைந்த புரதங்கள் உள்ளன. 1973-இல் கெண்டை இனத்து மீன் ஒன்றின் தசைப் புரதத்தை ஆராய்ந்த கிரெட்சிங்கர், கால்சியத்தை ஏந்தும் இடம் விரித்த கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல் இருக்கக் கண்டு, அதற்கு ஈ-எஃப் கை என்று பெயரிட்டார். அந்தக் கை பல பாக்டீரியாவின் ஜீன்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் எரித்ரோமைசினை ஆக்கித் தரும் மண் பாக்டீரியா ஒன்று உண்டு. அதிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்த கால்எரித்ரின் என்னும் புரதத்தில் அத்தகைய கைகள் நான்கு. கால்சியத்தைக் கொடுத்தால் அவற்றுள் மூன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. பற்றியபின் அப்புரதம் யாரிடம் போய் என்ன சொல்கிறது என்பதே இனிக் கண்டறிய வேண்டியது.